சித்தியின் கம்ப்யூட்டருக்குள் யார் யார்

எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இவ்வளவு விவாதம் நடந்ததில்லை. சித்தியின் கம்ப்யூட்டருக்கு எந்த ரிமோட் சாஃப்ட்வேர் போடுவது என்பதுதான் விஷயம். நாம் நம் வீட்டில் இருந்தபடியே அவள் திரையைப் பார்த்து, அவள் மவுஸை நகர்த்தி, கோளாறைச் சரிசெய்ய உதவும் சின்னச் சமாச்சாரம் அது. அதற்கு வாட்ஸ்அப்பில் தனியாக ஒரு குழு, குழுவுக்கு ஒரு பெயர், பெயருக்குப் பக்கத்தில் ஒரு பூங்கொத்துப் படம். ஆரம்பித்தவன் அண்ணன், அதாவது சித்தியின் ஒரே மகன். தான் எழுப்பிவிடாவிட்டால் சூரியன் தூங்கிப்போய்விடும் என்று நம்புகிற ரகம். அந்தக் குழுவில் சித்தி இல்லை. அவளுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று சேர்க்கவில்லையாம்.

கோளாறு சின்னதுதான். சித்தி வீட்டிலிருந்தே ஓர் ஏஜென்சிக்கு வேலை செய்கிறாள். ஆஸ்பத்திரி டாக்டர்கள் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் காதில் மாட்டிக் கேட்டுக் கடிதமாக டைப் செய்ய வேண்டும். காலடியில், தையல் மெஷினுக்கு இருப்பதுபோல் ஒரு பெடல். மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் நிறுத்துவார். "நான் போதும்னதும் பேச்சை நிறுத்தின ஆம்பளைங்க என் வாழ்க்கையில இவங்க மட்டும்தான்" என்பாள் சித்தி.

சித்தப்பா போன பிறகு ஆளாளுக்கு அவளைத் தங்கள் வீட்டு மூலையில் நாற்காலி போட்டு உட்காரவைக்கத் திட்டம் தீட்டிக்கொண்டிருந்தார்கள். யாரையும் கேட்காமல் பரீட்சை எழுதி அவள் பிடித்த வேலை இது. இந்த வேலை இருக்கும்வரை அவள் அவளுடைய வீட்டில், அவளுடைய மேசையில் இருப்பாள். போய்விட்டால் அடுத்த நாளே அண்ணன் வீட்டு மூலை நாற்காலிதான். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஏஜென்சி அவளிடம் கண்டிப்பாகச் சொன்னது ஒன்றுதான். திரையில் இருப்பதை வேறு கண் பார்க்கக் கூடாது.

ஏதோ ஓர் அப்டேட்டுக்குப் பிறகு பெடல் வேலை செய்யவில்லை என்று எனக்கு போன் செய்தாள். சம்பளக் கணக்கு சாஃப்ட்வேர் விற்கும் கம்பெனியில் உதவிப் பிரிவு எனக்கு. காலையிலிருந்து காதில் ஹெட்செட். முன்பின் தெரியாதவர்களின் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து அவர்கள் செய்து வைத்திருக்கும் அலங்கோலத்தைச் சரிசெய்வதுதான் பிழைப்பு. குடும்பத்தில் என் பெயரே 'ஹெல்ப்லைன்' என்று ஆகிவிட்டது. கூப்பிடுவார்கள், சொல்வதைக் கேட்கமாட்டார்கள்.

"திரையில என்ன தெரியுது சித்தி?"

"ஒரு பெட்டி வந்துச்சு."

"அதுல என்ன எழுதியிருக்கு?"

"படிக்கறதுக்குள்ள மூடிட்டேன். நமக்கெதுக்கு வம்பு?"

இந்த அழகில் ஒரு மதியம் போனது. "சித்தி, நானே உங்க மெஷினுக்குள்ள வந்து பாக்கறேன், அதுக்கு ஒரு சாஃப்ட்வேர் போடணும்" என்றேன். அதை அவள் மகனிடம் சொல்லித் தொலைத்தாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

நான் குழுவில் தெளிவாகத்தான் எழுதினேன். சாஃப்ட்வேரை அதைத் தயாரிக்கிறவர்களின் சொந்தப் பக்கத்திலிருந்து மட்டும் இறக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சித்தி திரையில் ஒரு புது எண் வரவேண்டும், அந்த முறை முடிந்ததும் அந்த எண் செல்லாக்காசாகிவிட வேண்டும். உள்ளே வருகிறவரின் பெயர் அவளுக்குத் தெரிய வேண்டும். அவள் சரி என்று அழுத்தினால்தான் கதவு திறக்க வேண்டும், பிடிக்காவிட்டால் ஒரே அழுத்தில் வெளியே தள்ள முடிய வேண்டும். இத்தனையும் உள்ள ஒன்றின் பெயரையும் கொடுத்தேன். தினமும் இதே சோறு தின்கிறவள் சொல்கிறாளே என்று யாராவது மதித்தார்களா?

முதல் பதில் மாமாவிடமிருந்து வந்தது. மாமா ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர், அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன். பேங்கில் லாக்கர் அறைக்குள் ஈ நுழைந்தால்கூடக் கையெழுத்துக் கேட்ட மனிதர். அவர் கேட்டார்: "இதுக்கு எத்தனை ஸ்டார்? நான் பார்த்ததுக்கு நாலரை ஸ்டார் இருக்கு. இலவசம் வேற."

"ஸ்டார் பாத்து வாங்கறதுக்கு இது நகவெட்டி இல்ல மாமா. வீட்டுக்குள்ள ஆளை விடற விஷயம்" என்று எழுதினேன். அவர் ஒரு பூ அனுப்பினார்.

அடுத்து அண்ணனின் குரல் பதிவு வந்தது. அண்ணன் எழுதமாட்டான். அவன் குரலில் அவனுக்கு அவ்வளவு பிரியம். "ஒவ்வொரு தடவையும் அம்மா நம்பர் படிச்சு, பட்டன் அழுத்தி... வயசானவங்களை ஏன் படுத்தணும்? அம்மா பக்கத்துல இல்லாட்டியும் நான் எப்ப வேணா உள்ள போய்ப் பாத்துக்கற மாதிரி இருக்கணும். திடீர்னு அம்மா கீழ விழுந்துட்டா?"

"விழுந்தா கம்ப்யூட்டர் வழியாவா தூக்குவே?" என்று கேட்டேன். ஆனால் அவன் பதிவுக்குக் கீழே கட்டைவிரல்கள் வரிசையாக முளைத்தன. அண்ணி ஒன்று, மாமா ஒன்று, என் அம்மாகூட ஒன்று. பெற்ற மகளுக்கு ஒரு கட்டைவிரல் போட அவளுக்கு மனசு வரவில்லை.

மாமாவின் நாலரை ஸ்டாரே தேர்வானது. அதற்கு வைத்த பாஸ்வேர்டுதான் உச்சம். 'எல்லாருக்கும் ஞாபகம் இருக்க வேண்டும்' என்பதற்காக, சித்தி வீட்டுக் கதவு எண்ணை இரண்டு முறை எழுதினால் அதுவே பாஸ்வேர்டு என்று முடிவானது. மறந்துவிடக் கூடாதே என்று மாமா அதைக் குழுவின் உச்சியிலேயே ஒட்டி வைத்தார். லாக்கர் காத்த மனிதர்! எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது.

சித்திக்கு போன் செய்தேன். "வேண்டாம்னு சொல்லிடுங்க சித்தி. உங்க வேலைக்கே வேட்டு வச்சிடும்."

"நீ சொல்றது புரியுது. ஆனா பெத்த பிள்ளையைப் பார்த்து உள்ள வராதேன்னு எப்படிடி சொல்றது? ஆஸ்பத்திரி லெட்டர் பக்கம் போகக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். சரின்னிருக்கான். அவன் அப்படிப்பட்டவன் இல்ல."

எக்கேடோ கெட்டுப் போங்கள் என்று விட்டேன். அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, நாலரை ஸ்டாரைத் தன் கையாலேயே ஏற்றி, அப்படியே பெடலையும் சரிசெய்துவிட்டுப் போனான். பெடல் ஒயர் கழன்றிருந்தது, அவ்வளவுதான். அதை ஒரு மாதம் சொல்லிக் காட்டினான்.

அதன் பிறகு சித்தியின் கம்ப்யூட்டர் சத்திரமாகிவிட்டது. அண்ணன் ஆபீஸிலிருந்து மதியம் வருவான். அவள் திரையில் எதை எங்கே வைத்திருந்தாளோ அதையெல்லாம் 'ஒழுங்கு' செய்வான். அவள் தேடித் தேடி அலுத்துப்போவாள். பின்னணியில் அவள் வைத்திருந்த கடல் படத்தை எடுத்துவிட்டுத் தன் குடும்பப் படத்தைப் போட்டான், அதில் நடுவில் நிற்பது அவன். மாமா பழகிப் பார்ப்பதற்காக வருவார். அவர் வந்தால் அம்பு திரை முழுக்க அலையும், ஒன்றும் செய்யாது, பிறகு ஒரு மூலையில் போய் நின்றுவிடும்.

"இப்ப பேசலாமா சித்தி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பேசு, பேசு. சும்மாதான் இருக்கேன். உங்க மாமா உள்ள இருக்கார்."

அம்பு தானாக நகர ஆரம்பித்தால் அவள் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாளாம். பூட்டிய குளியலறைக்கு வெளியே நிற்கிற மாதிரி, அவர்கள் முடித்துவிட்டுப் போகிறவரை காத்திருப்பாளாம். தன் மேசையில், தன் நாற்காலியில், தன் வேலைக்கு நடுவில். கேட்டபோது எனக்கு வந்த கோபத்தில் போனைத் தூக்கி எறியாதது பெரிய விஷயம். "துரத்திவிடுங்க" என்றேன். "அக்கறையில வர்றாங்கடி" என்றாள். அக்கறையாம்!

அந்த அக்கறை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை அண்ணன் வீட்டு மதியச் சாப்பாட்டில் எல்லோரும் பார்த்தோம். நானும் இருந்தேன், சித்தியும் இருந்தாள், மாமா வழக்கம்போல் முதல் பந்தியில் இருந்தார். அண்ணன் குடியிருக்கும் அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளரும் அவர் மனைவியும் விருந்தாளிகள். செயலாளர் தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்வது பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் எழுந்து போய் அவருக்குப் பின்னால் நின்று, தோளில் கைவைத்து, கனிவே உருவாகச் சொன்னான்:

"கிட்னி விஷயத்துக்கெல்லாம் இப்ப பயப்படவே வேண்டாம் சார். ரெண்டாவது டெஸ்ட்ல ஒண்ணுமில்லன்னு வந்துடும், பாருங்க."

செயலாளரின் கை அப்படியே நின்றது. அவர் மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். "என்ன கிட்னி?" என்றாள்.

செயலாளர் மனைவியை விட்டுவிட்டு அண்ணனிடம் கேட்டார்: "உங்களுக்கு யார் சொன்னா?"

அப்போதாவது நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கலாம். அண்ணனுக்கு அந்த உறுப்பு பேசுவதற்கு மட்டும்தான். பெருமையாகச் சொன்னான்: "உங்க டாக்டர் லெட்டரெல்லாம் அம்மாதான் சார் டைப் பண்றாங்க!"

சித்தி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது மடல்வரை சிவந்திருந்தது. தான் வாயே திறக்காத ஒரு விஷயத்துக்கு அந்த மனிதர் தன்னைப் பார்த்த பார்வையை அவள் தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள். செயலாளரும் மனைவியும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார்கள். கதவு சாத்திய பிறகு அண்ணன் கேட்டான்: "நான் ஆறுதலாத்தானே சொன்னேன்? இதுல என்ன தப்பு?" வேலியே பயிரை மேய்ந்துவிட்டு, பயிர் ருசியாக இருந்தது என்று வேறு சொல்லும்போலிருக்கிறது.

செயலாளர் ஆஸ்பத்திரிக்குப் புகார் எழுதினார். ஆஸ்பத்திரி ஏஜென்சியைக் கேட்டது. ஏஜென்சி சித்திக்கு வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டு, மேற்பார்வை செய்யும் அம்மா வீடியோவில் வந்து விசாரிப்பார் என்றது. விஷயம் வெளியே போனது எப்படி என்று சித்தி அவருக்குச் சொல்ல வேண்டும்.

விசாரணை நாளன்று நான் சித்தி வீட்டுக்குப் போனபோது அண்ணனும் மாமாவும் ஏற்கெனவே அங்கே சட்டசபை நடத்திக்கொண்டிருந்தார்கள். சித்தி தலைவாரி, நல்ல உடுப்பு உடுத்தி, அணைத்து வைத்த லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பெடல் மேசைக்கு அடியில் ஒதுங்கிக் கிடந்தது.

"ஹேக்கர்னு சொல்லிடலாம்" என்றார் மாமா. "இப்பல்லாம் பெரிய பெரிய இடத்துலயே நடக்குது. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"நீயும் பக்கத்துல உக்காந்து சொல்லு" என்றான் அண்ணன் என்னிடம். "கம்ப்யூட்டர் லைன்ல இருக்கறவ. நீயே, 'நான் பாத்தேன், ஹேக் ஆகியிருக்கு'ன்னு சொன்னா எடுபடும்."

"உலகத்துல இருக்கற பேங்கையெல்லாம் விட்டுட்டு உங்க செயலாளர் கிட்னியைத் தேடி ஒரு ஹேக்கர் வந்தானா? வந்தவன் உன் வாய்க்குள்ளதான் போய் உக்காந்தானா?"

"விளையாடாதே. அம்மா வேலை போயிடும்."

"அது இப்பதான் தெரியுதா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க நான் வரமாட்டேன். வேணும்னா உன் நாலரை ஸ்டாரைக் கூப்பிட்டு சாட்சி சொல்லச் சொல்லு."

"பேசறதுக்கு நல்லா இருக்கு" என்றார் மாமா. "பாதிக்கப்படப் போறது என் தங்கச்சி." அதைச் சொல்லும்போது அவர் குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. இவர்கள் கெட்டவர்களாக இருந்து தொலைத்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போய்விடலாம்.

சித்தி லேப்டாப்பை ஆன் செய்தாள். அழைப்பு வந்தது. மாமா லேப்டாப்புக்குப் பின்னால் போய் நின்று, 'ஹேக்கர்' என்று கொட்டை எழுத்தில் எழுதிய காகிதத்தைத் தூக்கிப் பிடித்தார். அண்ணன் அவருக்குப் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து, தைரியமாகச் சொல்லு என்பதுபோல் தலையாட்டினான்.

மேற்பார்வை அம்மாவுக்கு மென்மையான குரல். நலம் விசாரித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். "உங்க மேல எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லம்மா. ஆனா அந்த லெட்டர் உங்க மெஷின்லதான் இருந்திருக்கு. வேற யாராவது உள்ள வந்தாங்களா? வெளி ஆள் யாராவது?"

மாமாவின் காகிதம் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது.

"வெளி ஆள் இல்லைங்க" என்றாள் சித்தி. "என் மகன். உள்ள வர வழி வச்சிருந்தான். நான்தான் விட்டேன். இங்கதான் இருக்கான், நீங்களே கேளுங்க."

லேப்டாப்பை இரண்டு கையாலும் பிடித்து அப்படியே அவன் பக்கம் திருப்பினாள்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த அண்ணனும், காகிதத்தோடு நின்ற மாமாவும் திரையில் பளிச்சென்று தெரிந்தார்கள். மாமா காகிதத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அண்ணன் எழுந்து நின்று "வணக்கம் மேடம்" என்றான். அவன் அவ்வளவு சின்னக் குரலில் பேசி நான் கேட்டதே இல்லை.

"அந்த ஒரு லெட்டர் மட்டும்தான் பாத்தீங்களா?"

"இல்ல மேடம்... அதாவது... மதியம் நான் சாப்பிடறப்போ அம்மா தூங்கிட்டிருப்பாங்க. அந்த நேரத்துல சும்மா... தினமும் இல்ல. சிலது நல்லா சுவாரசியமா இருக்கும். அடுத்து அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு பாப்பேன்."

நான் சித்தியைப் பார்த்தேன். ஒரு கடிதம், ஒரே ஒரு கடிதம் தற்செயலாகக் கண்ணில் பட்டிருக்கும் என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள். தான் தூங்குகிற நேரத்தில் மகன் தினசரி பேப்பர் மாதிரி அவற்றைப் பிரித்து வைத்துச் சாப்பிட்டிருக்கிறான் என்பது அவளுக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. உதடு கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை.

மேற்பார்வை அம்மா எதையோ குறித்துக்கொண்டார். பிறகு, உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்றார். இனி அந்த ஆஸ்பத்திரியின் வேலையோ ஏஜென்சியின் வேறு வேலையோ அனுப்ப முடியாது என்றார். "உங்க டைப்பிங்ல பிழைன்னு ஒரு லெட்டரைக்கூட நான் திருப்பி அனுப்பினதில்லம்மா. எனக்கே கஷ்டமா இருக்கு." சித்தி அவருக்குக் கைகூப்பிவிட்டு லேப்டாப்பை மூடினாள்.

மூடியதும் அண்ணனுக்குக் குரல் திரும்பி வந்துவிட்டது. "என்னை இப்படிக் காட்டிக் குடுத்துட்டியேம்மா. ஹேக்கர்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேலை இருந்திருக்கும்."

"இருந்திருக்கும்" என்றாள் சித்தி. "நீயும் உள்ளயே இருந்திருப்பே."

மாமா காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அண்ணன் அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "சரி, போனது போகட்டும். இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா கம்ப்யூட்டரும் மண்ணும்? எங்க வீட்டுக்கு வந்துடு. நிம்மதியா இரு."

வந்துவிட்டது மூலை நாற்காலி என்று நினைத்தேன். சித்தி என் பக்கம் திரும்பினாள்.

"இதுல இருக்கறதை வழிச்சு எடு. பாஸ்வேர்டு எல்லாத்தையும் மாத்து. அப்புறம் நீ முதல்ல ஒண்ணு சொன்னியாமே, நான் சரின்னா மட்டும் திறக்கும்னு. அதைப் போடு."

"வேலையே போயிடுச்சே சித்தி..."

"வேற இடத்துல கேக்கப் போறேன். கேக்கறப்போ என் மெஷின் சுத்தமா இருக்குன்னு பொய் இல்லாம சொல்லணும். பெடல் என்னோடதுதானே, ஏஜென்சியோடது இல்லையே?"

அண்ணன் சிரித்து மழுப்பப் பார்த்தான். "அப்போ நான் எப்படிம்மா உள்ள வர்றது?"

சித்தி அவன் முன்னால் உள்ளங்கையை நீட்டினாள். "சாவி."

"என்ன சாவி?"

"இந்த வீட்டுச் சாவி. உன்கிட்ட ஒண்ணு இருக்கே."

"அம்மா, ஏதாவது அவசரம்னா..."

"வாசல்ல பெல் இருக்கு. அடி. நான் வந்து திறப்பேன்."

அவன் மாமாவைப் பார்த்தான். மாமா மின்விசிறியைப் பார்த்தார். என்னைப் பார்த்தான். அவனை நன்றாக நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் பரிதாபமாகிவிட்டது. அவனுக்காகவா அவளுக்காகவா என்று எனக்கே தெரியவில்லை. கார் சாவி, ஆபீஸ் சாவி, தன் வீட்டுச் சாவி எல்லாம் கோத்த வளையத்தை வெளியே எடுத்து, ஒன்றை நகத்தால் நெம்பினான். வளையம் இறுக்கமானது. நகம் இரண்டு முறை வழுக்கியது. யாரும் உதவிக்குப் போகவில்லை.

ஒருவழியாகக் கழற்றி, அவள் கையைப் பார்க்காமல், மேசைமேல் வைத்தான்.

"கையில குடு" என்றாள் சித்தி.